கோப்பி விரியனுக்காக ஒரு கோபம்

பாம்பு கடித்த ஒருவரை ஆசுப்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பாம்பையும் கொண்டு வருவார்கள். ஷொப்பிங் பையில், சீமெந்துப் பையில், ஒருமுறை பள்ளிப் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியில். நான் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்தேன். கடிபட்டவரின் இரத்தம் உறைகிறதா இல்லையா என்று பார்க்கக் கண்ணாடிக் குழாயோடு வார்டுக்குப் போவேன். வாசலில் கால் வைக்க முன்னமே அவருடைய குரல் கேட்கும்.

“அடிச்சனீங்களோ? ஏன் அடிச்சனீங்கள்?”

அவர் அந்த வார்டின் தாதி. எங்கள் பக்கத்தில் தாதியை மிஸ்ஸி என்போம். நாற்பத்தைந்து வயது தாண்டியவர், கல்யாணம் கட்டாதவர், ஒல்லி. அந்த உடம்புக்குள் அவ்வளவு பெரிய குரல் எங்கே இருந்தது என்று தெரியாது. ஆசுப்பத்திரியில் எல்லாரும் அவரைக் கோபக்கார மிஸ்ஸி என்றுதான் சொல்வார்கள். அதில் பிழையில்லை. ஆனால் யார் மேல் கோபம், எதற்காகக் கோபம் என்று ஒருவரும் பார்த்ததில்லை. நான் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒருநாள் தோப்பூரிலிருந்து ஒரு விவசாயியைக் கொண்டு வந்தார்கள். கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது. மச்சான்காரர் பையைத் திறந்து காட்டினார். உள்ளே சுட்டுவிரல் மொத்தத்தில் ஒரு கறுப்புப் பாம்பு, வால் வெட்டிவிட்டதுபோல மொட்டையாக முடிந்திருந்தது. மண்ணுக்குள் புழுத் தின்று வாழ்கிற சாதி. தலையை மண்வெட்டியால் நசுக்கியிருந்தார்கள்.

“இதுவோ கடிச்சது?”

“ஓம் மிஸ்ஸி, இதுதான்.”

“கண்ணால கண்டனீங்களோ?”

“இல்லை… வரம்பில கிடந்தது.”

“வரம்பில கிடந்ததுக்காக அடிச்சுச் சாகடிச்சனீங்கள். இதுக்கு ஒரு மனிசனைக் கடிக்க வாயே காணாது. கடிச்சது இன்னமும் உங்கட வரம்பிலதான் கிடக்கு. இதைக் கண்டு டொக்டர் ஒண்டுமில்லை எண்டு வீட்டை அனுப்பியிருந்தால் இந்த மனிசன்ரை கதி என்ன?”

மச்சான்காரர் தலையைக் குனிந்தார். மிஸ்ஸி கத்திக்கொண்டே அந்த விவசாயியின் காலுக்குத் தலையணை வைத்தார், கத்திக்கொண்டே ஊசி ஏற்றினார், கத்திக்கொண்டே என் குழாய்க்கு இரத்தம் எடுத்துத் தந்தார். இரத்தம் உறையவில்லை. விரியன் கடி. நோயாளியிடம் மட்டும் குரல் இறங்கும். “பயப்பிடாதையுங்கோ அண்ணை, நான் பக்கத்திலதான் நிக்கிறன்” என்பார். திரும்பினால் மறுபடி வெடி.

நல்லபாம்புக்காக அவர் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. “அதுக்கென்ன, கோயில் இருக்கு, பால் வைக்க ஆள் இருக்கு” என்பார். அவருடைய கோபமெல்லாம் சின்னப் பாம்புகளுக்காக. பெயர் தெரியாததுகள், இலைச் சருகுக்குள்ளும் கல்லுக்கு அடியிலும் கிடப்பதுகள், கண்டவுடன் செருப்பால் அடிபடுகிறதுகள்.

நாங்கள் ஒரே ஒழுங்கையில் குடியிருந்தோம். என்னிடம் ஸ்கூட்டி இருந்தது, அவரிடம் இல்லை. சிநேகம் அப்படித் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, “கன்னியாப் பக்கம் ஒருக்கால் போகவேணும், வாறீரோ?” என்று கேட்டார். வெந்நீர்க் கிணற்றுக்குத்தான் போகிறார் என்று குளிக்கத் துவாயும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். கிணற்றைத் தாண்டி, கடைசித் தேத்தண்ணிக் கடையையும் தாண்டி, மலைக்காட்டுக்குள் நுழைகிற பாதையில் நிறுத்தச் சொன்னார். யானை லத்தி பாதையில் ஈரமாகக் கிடந்தது. நான் திரும்பிப் போகலாம் என்றேன். “யானை நேற்றுப் போட்டது. இண்டைக்கு அது வேறை எங்கயோ” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்தச் சரிவில் வீரை மரமும் பாலை மரமும் நெருக்கமாக நிற்கும். பாறைகள் பாதி புதைந்து கிடக்கும். மாரி மழைக்குப் பிறகு சருகு கறுத்து, மண் மெத்தைபோல இருக்கும். மேலே ஏறினால் மர இடுக்கில் துறைமுகத் தண்ணீர் தகடுபோலத் தெரியும். மிஸ்ஸி அந்தக் காட்சியை ஒருதரமும் நின்று பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. கண் எப்போதும் நிலத்தில்தான். உரச் சாக்கு ஒன்றை விரித்துக் குப்புறப் படுத்துவிடுவார்.

பாம்பைத் தொடமாட்டார். படம் எடுக்கமாட்டார், என்னையும் எடுக்கவிட்டதில்லை. ஒரு கல்லைத் தூக்குவதென்றால் தன் பக்கமாகச் சரித்துத் தூக்குவார். உள்ளே கிடப்பது மற்றப் பக்கமாக ஓடிவிட வழி வேண்டுமே. பார்த்து முடிந்தால், கல் இருந்த ஈரத்தடத்திலேயே திரும்ப வைப்பார். முதல்நாள் நான் ஒரு கல்லைச் சும்மா போட்டுவிட்டேன்.

“அதுவோ அந்தக் கல்லு இருந்த இடம்?”

“கிட்டத்தானே அக்கா…”

“உம்மட வீட்டுக் கூரையை ஆரும் கழட்டிப்போட்டு, கிட்டத்தானே வைச்சிருக்கிறம் எண்டு சொன்னால் விடுவீரோ? சரியா வையும்!”

கல்லை மூன்று தரம் திருப்பித் திருப்பி வைக்க வேண்டியிருந்தது.

அவருக்கு மிகவும் பிடித்தது கோப்பி விரியன். ஒரு சாண் நீளம், மேல்நோக்கிய மூக்கு, கோப்பித்தூள் நிறம். சருகில் சுருண்டு கிடந்தால் இன்னொரு சருகுதான். வார்டுக்கு அந்தக் கடியோடும் ஆட்கள் வருவார்கள். அதற்கென்று மருந்து ஊசி கிடையாது. சிறுநீரகம் பழுதாகாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எத்தனையோ இரவு கட்டிலருகே நின்று அப்படிப் பார்த்தவர்தான், ஞாயிற்றுக்கிழமை அதே பாம்புக்கு முன்னால் குப்புறப் படுத்துக் கிடந்தார்.

ஒருநாள் அதன் குட்டி ஒன்றைக் காட்டினார். என் விரலளவுதான் இருக்கும். உடம்பு அசையவில்லை. வால்நுனி மட்டும் வெளிர்மஞ்சள், அதைப் புழுபோல நெளித்துக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி ஓர் அரணை. அது புழு என்று நினைத்துக் கொஞ்சம் வரும், நிற்கும், மறுபடி வரும். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தோம். கை மரத்துப்போனது. அரணை கிட்ட வந்து தலையைச் சரித்துப் பார்க்கும்போது எனக்கு இருமல் வந்துவிட்டது. அரணை ஓடிவிட்டது. வால் நெளிவதும் நின்றது.

மிஸ்ஸி எழுந்து உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது.

“அது எத்தினை நாளாய்ப் பசியோ தெரியாது. உமக்கென்ன, வீட்டை போனால் புட்டு இருக்கு!”

வீடு வரும்வரை என்னோடு கதைக்கவில்லை. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கமாக இருந்தது. அன்றிரவு புட்டு இறங்கவில்லை.

இந்தக் கோபத்தால் அவர் இழந்தது கொஞ்சமில்லை. தமக்கையின் மகளுடைய கல்யாணம் இறக்கக்கண்டியில் நடந்தது. அதுதான் மிஸ்ஸியின் ஊர், கடற்கரைக் குடும்பம். பந்தலுக்குள் ஓர் ஓலைப்பாம்பு வந்துவிட்டது. நஞ்சில்லாதது. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் கதிரைகளைத் தூக்கி அடித்துக் கொன்றார்கள். மிஸ்ஸி குறுக்கே போய் நின்றிருக்கிறார், ஒருவர் தள்ளிவிட்டிருக்கிறார். தாலி கட்ட முன்னம் பட்டுச் சேலையோடு றோட்டுக்கு வந்து பஸ் ஏறிவிட்டார். தமக்கை பிறகு அவரோடு கதைக்கவேயில்லை. “நல்லநாளில ஒரு பாம்புக்காக இப்படிச் செய்யலாமோ அக்கா?” என்று நானும் கேட்டேன்.

“நல்லநாளில கொல்லலாமோ?” என்றார். அதற்குமேல் கதை இல்லை. அவருடைய பிடிவாதம் அப்போது எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

மிஸ்ஸிக்கு ஒரு தம்பி இருந்தவர் என்ற கதை வெளியே வந்தது ஆசுப்பத்திரியின் தேநீர் அறையில். தாதிகளுக்குத் தலைவியான பெரிய மிஸ்ஸி, எல்லார் முன்னாலும், அன்பாகச் சொல்வதுபோலச் சொன்னார்: “உம்மட தம்பியே பாம்பு கடிச்சுத்தானே செத்தவர். நீர் பாம்புக்கு வக்காலத்து வாங்குறீர்.”

மிஸ்ஸி கோப்பையை மேசையில் வைத்தார்.

“என்ரை தம்பி விறகுக்குப் போனவன். சண்டைக் காலம். விடியக் கடிச்சது. ஆசுப்பத்திரிக்கு விடாமல் பின்னேரம் வரைக்கும் சோதனைச் சாவடியில மறிச்சு வைச்சிருந்தது பாம்போ? அம்மா காலில விழுந்து கும்பிட, சிரிச்சுக்கொண்டு நிண்டது பாம்போ? அது பயத்தில ஒருக்கால் கடிச்சிட்டு ஓடிட்டுது. மற்றவை ஆறுதலாய் நிண்டு சாகடிச்சவை.”

அவர் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வார்டுக்குப் போனார். அன்று முழுவதும் அவருடைய குரல் கேட்கவில்லை. அது கத்துவதைவிடப் பயங்கரமாக இருந்தது.

இனி அந்த மனிதனைப் பற்றிச் சொல்லவேண்டும். கொழும்பிலிருந்து வந்த படப்பிடிப்பாளன். மெல்லிய குரல், மரியாதையான கதை. வார்டுக்கு வந்து மிஸ்ஸியைத் தேடிப் பிடித்தான். இலங்கையின் சின்னப் பாம்புகளைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு படப்புத்தகம் செய்வதாகச் சொன்னான். ஒவ்வொரு பாம்பின் விஞ்ஞானப் பெயரும் அவனுக்குப் பாடம். கோப்பி விரியன் குட்டி வாலை நெளிக்கும் என்று மிஸ்ஸி சொன்னபோது, “நானும் பார்த்திருக்கிறேன் மேடம், எவ்வளவு அழகு” என்றான். மிஸ்ஸியின் முகம் மலர்ந்ததை அன்று கண்டேன். இத்தனை வருடத்தில் அவருடைய பாஷையில் கதைத்த முதல் ஆள் அவன்தான். என்னால்கூட அப்படிக் கதைக்க ஏலாது. நான் இருமுகிறவள்.

அடுத்த ஞாயிறு அவனை மலைக்குக் கூட்டிப்போனார். அவனும் சாக்கில் குப்புறப் படுத்தான், கல்லைத் தடத்திலேயே வைத்தான். ஒரு பிழையும் விடவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு நாங்கள் இருவர் மட்டும் போனோம். சரிவு முன்போல இல்லை. கல்லெல்லாம் மல்லாந்து கிடந்தது. உக்கிய மரக்கட்டைகளை அலவாங்குக் கம்பியால் பிளந்திருந்தார்கள். சருகை வாரிக் குவித்திருந்தார்கள். ஈரமாக இருந்த மண் வெயிலில் காய்ந்து கிடந்தது. பிளந்த கட்டையொன்றின் கீழ் முட்டைகள் நசுங்கி, எறும்பு மொய்த்திருந்தது. மிஸ்ஸி சத்தம் போடவில்லை. ஒரு கல்லைத் தூக்கி அதன் தடத்தைத் தேடினார். தடமே இல்லை.

கீழே இறங்கி வந்தோம். தேத்தண்ணிக் கடை முஸ்லிம் பெரியவர், காக்கா என்போம், எங்களைக் கண்டதும் சந்தோசமாகக் கூப்பிட்டார்.

“மிஸ்ஸி, அந்தப் படம் புடிக்கிற தம்பி நேத்தும் வந்தாரு. ரெண்டு பொடியன்மாரோட, மீன் போடுற ஐஸ் பெட்டியும் தூக்கிக்கிட்டு. நீங்க அனுப்பினதாச் சொன்னாரு.”

“நான் அனுப்பினதெண்டோ சொன்னவன்?”

“ஓம் புள்ள. இல்லாட்டி நான் விட்டிருப்பனா?”

மிஸ்ஸி என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஸ்கூட்டியை எடும்.”

அவன் தங்கியிருந்தது கடற்கரை விடுதி ஒன்றில். வரவேற்பு மேசைப் பெண்ணைத் தாண்டி மிஸ்ஸி நேரே குசினிக்குள் போனார். குளிர்பெட்டியைத் திறந்தார். தயிர்ச் சட்டிகளுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் டப்பாக்கள் அடுக்கியிருந்தன, இடியப்பம் கட்டித் தருகிற சாதி. உள்ளே சுருண்டு, விறைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அந்தப் பாம்புகள். சமையல்காரர் கையிலிருந்த அகப்பையைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார். அவருக்கே தெரியாது, பாவம்.

அவன் கழுத்தில் கமராவோடு வந்தான். மேல்மாடியில் ஒரு மேசையில் சருகு பரப்பி, பாசி வைத்து, காடு செய்து வைத்திருந்திருக்கிறான்.

“மேடம், கோவிக்காதீங்க. குளிரில வச்சா அசையாது. படத்துக்கு வசதி. எல்லாரும் செய்யறதுதான்.”

“பிறகு?”

“பிறகு விட்டுடுவோம்.”

“எங்க?”

“இங்கேயே, பின்னால பத்தைக்குள்ள எங்கயாவது.”

“கடற்கரையிலயோ? மலைப் பாம்பையோ?”

“சின்னப் பாம்புதானே மேடம்.”

அந்தச் சொல்லை அவன் சொல்லியிருக்கக் கூடாது. மிஸ்ஸி டப்பாக்களைப் பையில் போடத் தொடங்கினார். அவன் கையைப் பிடித்து இழுத்தான். மிஸ்ஸி அவனைத் தள்ளினார். பின்னாலிருந்த கதிரையோடு சேர்ந்து விழுந்தான். கமராவும் நிலத்தில் அடிபட்டது. கண்ணாடி உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. பொய் சொல்லமாட்டேன், அந்தச் சத்தம் எனக்குச் சந்தோசமாக இருந்தது.

றோட்டுக்கு வந்ததும் நான் சொன்னேன்: “முதல்ல பொலிசுக்குப் போவம் அக்கா. பெட்டியோட காட்டினால்தான் வழக்கு நிக்கும்.”

“ஞாயிற்றுக்கிழமை. நாளைக்கு வாங்கோ எண்டுவினம். நாளைக்கு இதுகள் இருக்காது.”

வனவிலங்குத் திணைக்களக் கந்தோருக்குப் போன் அடித்துப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மலைக்குத்தான் போனோம்.

பொலிசுக்கு எங்களுக்கு முன்னம் போனவன் அவன். ஆசுப்பத்திரி மிஸ்ஸி ஒருவர் விடுதிக்குள் புகுந்து தன்னை அடித்தார், கமராவை உடைத்தார், பொருளைக் களவெடுத்தார் என்று முறைப்பாடு. மறுநாள் எங்களைக் கூப்பிட்டார்கள்.

“பாம்பு எங்க மிஸ்ஸி?”

“மலையில.”

“அப்ப சாட்சி இல்லையே. கொண்டு வந்து காட்டியிருந்தா அந்தாள் மேல வழக்குப் போட்டிருக்கலாம்.”

“வழக்கு முடியும் மட்டும் அதுகளை எங்க வைச்சிருப்பியள்? உங்கட அலுமாரியிலயோ?”

நான் கண்டதைச் சொன்னேன். டப்பா, குளிர்பெட்டி, உடைத்த மரம், எல்லாம் சொன்னேன். “நீங்கள் அவவின்ரை கூட்டாளிதானே” என்று சொல்லிவிட்டுப் பேனையை மூடினார்கள். சமையல்காரர் ஒன்றும் காணவில்லை என்றாராம். அவருக்கு வேலை வேண்டுமே.

பிறகு ஆசுப்பத்திரி விசாரணை. என்னையும் உள்ளே இருத்தியிருந்தார்கள். மூன்று பெரியவர்கள், நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார்.

“ஒரு பாம்புக்காக மனிசனைத் தள்ளி விழுத்தினது சரியோ?”

“இல்லை. தள்ளினதோட விட்டது பிழை.”

“பகிடி விடாதீங்கோ. மன்னிப்புக் கேட்டால் அந்தாள் முறைப்பாட்டை வாபஸ் வாங்கிறன் எண்டு சொல்லுறார். விசயம் இதோட முடியும்.”

“ஆரிட்டை மன்னிப்பு? நான்தான் அவனைக் கூட்டிக்கொண்டு போய் இடம் காட்டினனான். அதுக்கு மன்னிப்புக் கேக்கவேணுமெண்டால் அந்தச் சரிவிட்டைத்தான் கேக்கவேணும். அவனிட்டை ஏலாது.”

இடமாற்றம் வந்தது. வேறு மாகாணத்தில், பாம்புக்கடி வார்டே இல்லாத ஒரு சின்ன ஆசுப்பத்திரிக்கு. அங்கே காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து கொடுக்கிறார். இருபது வருடம் விஷக்கடியோடு மாரடித்த ஒருவரை இருமல் மருந்து ஊற்ற அனுப்பினவர்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலிலும் தேவாலயத்திலும் நல்ல மனிதர்களாக நிற்கிறார்கள். பிரியாவிடைத் தேநீருக்குப் பெரிய மிஸ்ஸி கேக் வாங்கி வந்தார். “கொஞ்சம் கோபத்தைக் குறைச்சிருந்தால் இஞ்சையே இருந்திருக்கலாம்” என்றார். இவர் கேக்கைத் தொடவில்லை.

அந்த மனிதனுடைய படங்கள் வந்துவிட்டன. புத்தகமாக அல்ல, ஒரு கம்பனியின் கலண்டராக. பரிசோதனைக்கூடத்துக்கும் யாரோ ஒன்று கொண்டு வந்து மாட்டினார்கள். பாசியின் மேல் கோப்பி விரியன், பளபளவென்று, ஓர் இலையும் அசையாமல். பார்த்தவர்கள் எல்லாம் என்ன அமைதி என்றார்கள். குளிரில் விறைத்ததன் அமைதி அது. நான் கழற்றிக் குப்பையில் போட்டேன். யார் கழற்றியது என்று கேட்டார்கள். நான்தான் என்றேன், கொஞ்சம் சத்தமாக.

டப்பாக்களோடு போன அந்த ஞாயிறு மத்தியானம் மலையில் என்ன நடந்தது என்று பொலிசிலும் கேட்கவில்லை, விசாரணையிலும் கேட்கவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

மிஸ்ஸி முதலில் கல்லுகளைத்தான் நேராக்கினார். எது எங்கே இருந்தது என்று அவருக்கு மனப்பாடம். நான் சருகை வாரி வாரிப் பரப்பினேன். பிறகு ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, கல்லுக்கருகே சரித்தார். சிலது செத்துப்போயிருந்தது. அவற்றைத் தனியாக ஓர் இலையில் வைத்தார். மண்பாம்புகள் மெல்ல மெல்ல உள்ளே இறங்கின. ஓலைப்பாம்பு ஒன்று திரும்பிப் பாராமல் ஓடியது.

கடைசி டப்பாவில் அந்த விரியன் குட்டி. வெயில்பட்ட பாறையில் சரித்துவிட்டதும் நூல்போல விழுந்து கிடந்தது. மஞ்சள் வால் அசையவில்லை. மிஸ்ஸி எட்டத்தில் குந்தியிருந்தார். தன் நிழல் அதன்மேல் விழுகிறதென்று கண்டு தள்ளிக் குந்தினார். மேலே கொப்பில் பாம்பு தின்கிற செண்பகப் பறவை ஒன்று வந்திருந்து எட்டிப் பார்த்தது. மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்து அதைக் கலைத்தார். பிறகு திட்டத் தொடங்கினார். அவனைத் திட்டினார், விடுதியைத் திட்டினார், போன் எடுக்காத கந்தோரைத் திட்டினார், தன்னைத் திட்டினார். கடைசியில் அந்தக் குட்டியையே திட்டினார்.

“உனக்கு ஏன் நஞ்சு தந்திருக்கு? அவன்ரை கை வரேக்கை என்ன செய்துகொண்டிருந்தனீ?”

கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை. நான் போய்த் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். “சும்மா நில்லும்” என்றார்.

வெயில் பாறையில் கொஞ்சம் நகர்ந்தது. குட்டியின் நாக்கு ஒருதரம் வெளியே வந்து போனது. சற்றுப் பொறுத்து இன்னொருதரம். உடம்பு மெதுவாக மடிந்து, பாறையின் விளிம்பால் வழுகி, சருகுக்குள் இறங்கியது. இறங்கிய இடத்தில் சருகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

மிஸ்ஸி எழுந்து சல்வாரில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். வார்டில் நோயாளியின் கட்டிலருகே மட்டும் வருகிற அந்தத் தணிந்த குரலில், சருகைப் பார்த்துச் சொன்னார்:

“இனி ஆர் வந்து கல்லைப் புரட்டினாலும் கடி. பயப்பிடாதை. ஆசுப்பத்திரியில நான் நிக்கிறன்.”